வேகும் முன்பே கைமாறிவிடுகிறது

"நல்லா கொதிக்க வச்சுத்தானக்கா கறி திங்கோம். பெறவு எப்படி இந்தக் கிருமி எனக்குள்ள வந்துச்சு?"

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் ஏதாவது ஒரு வடிவில் கேட்கிற கேள்வி இது. பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றோடு வருகிறவர்கள். கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எஸ்' அல்லது 'ஆர்' என்று ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர் என்றே போகிற தாள்கள் இப்போது எங்களுக்குப் புதிதல்ல. "நான் இங்கிலீஷ் மருந்தே அவ்வளவா சாப்பிட மாட்டேனே" என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். சாப்பிடாதவர்களுக்கும் வருகிறது. அது எப்படி என்று ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 70 டிகிரிக்கு மேல் நன்றாக வெந்த கறியில், குடலில் வாழும் இ.கோலியும் வயிற்றுப்போக்கு வரவைக்கும் சால்மோனெல்லாவும் உயிரோடு இருக்காது. நம் ஊரில் கறியை யாரும் அரைவேக்காட்டில் இறக்குவதில்லை. ஆகவே தட்டில் விழுகிற குழம்பைப் பற்றி எனக்குப் பயமே கிடையாது. கறி அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் எங்கெங்கே இருந்தது, யார் கைப்பட்டது, எந்தத் தண்ணீரில் முங்கியது என்பதுதான் என் கவலை. அதைவிடப் பெரிய விஷயம், நாம் பயப்பட வேண்டியது கிருமியை மட்டுமில்லை. மருந்தை எதிர்க்கும் ஆற்றல் ஒரு மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணு ஒரு கிருமியை விட்டு இன்னொரு கிருமிக்குப் போகும். கொடுக்கிற கிருமி நமக்கு எந்தத் தீங்கும் செய்யாத சாதுவாக இருக்கலாம். வாங்குகிற கிருமி டைபாய்டாக இருக்கலாம்.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது இதைக் கண்ணால் பார்த்தேன். செய்முறை வகுப்பில் இரண்டு இ.கோலி கொடுத்தார்கள். ஒன்று ஆம்பிசிலினுக்கு அடங்காது, ரிஃபாம்பிசினுக்கு அடங்கிவிடும். மற்றது நேர் எதிர். இரண்டு மருந்தும் கலந்த அகார் பிளேட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) முதலாவதை மட்டும் பூசினால் ஒன்றும் முளைக்காது, இரண்டாவதை மட்டும் பூசினாலும் முளைக்காது. பிறகு இரண்டையும் ஒரே குழாயில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்துவிட்டு, அந்தக் கலவையை அதே மாதிரிப் பிளேட்டில் பூசினோம். மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தபோது முதல் இரண்டு பிளேட்டும் வெறுமையாக இருந்தன. மூன்றாவதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். முந்தின நாள் வரை உலகத்தில் இல்லாத ஒரு கிருமி, இரண்டு மருந்துக்கும் அடங்காத கிருமி, எங்கள் மேசையில் ஒரே இரவில் உண்டாகியிருந்தது. புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த பாடம்தான். ஆனாலும் அந்தப் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தக் குழாய்க்குள் நடந்தது இதுதான். பாக்டீரியாவுக்கு அதன் உயிர்வாழ்வுக்கு வேண்டிய மரபணுக்கள் எல்லாம் ஒரு பெரிய குரோமோசோமில் இருக்கும். அதைத் தவிர, சிலவற்றில் தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையமும் இருக்கும். அதற்குப் பெயர் பிளாஸ்மிட். 1952-இல் ஜோசுவா லெடர்பெர்க் வைத்த பெயர். பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மரபணுவைப் பரிமாறிக்கொள்ளும் என்பதை 1946-இலேயே அவரும் எட்வர்ட் டேட்டமும் காட்டிவிட்டார்கள். இப்படிப் பரவக்கூடிய பிளாஸ்மிட் இருக்கிற பாக்டீரியா மெல்லிய இழை ஒன்றை நீட்டி, பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைத் தொட்டு இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒரு நொதி வந்து பிளாஸ்மிட்டின் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். வெட்டிய இழை நழுவி அடுத்த செல்லுக்குள் போகும். போன இழைக்கு அங்கே ஜோடி இழை உருவாகும், இங்கே தங்கின இழைக்கும் ஜோடி உருவாகும். கார்த்திகைக்கு ஒரு அகலிலிருந்து இன்னொரு அகலை ஏற்றுகிறோமே, அது மாதிரி: கொடுத்ததிடம் ஒன்றும் குறையாது, வாங்கினதும் உடனே அடுத்ததற்குக் கொடுக்கத் தயாராகிவிடும். வாங்குவது தன் இனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இ.கோலி சால்மோனெல்லாவுக்குக் கொடுக்கும், ஷிகெல்லாவுக்குக் கொடுக்கும், கிளெப்சியெல்லாவுக்குக் கொடுக்கும்.

வேறு வழிகளும் உண்டு. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் ஒன்றின் மரபணுத் துண்டை இன்னொன்றுக்குள் தூக்கிக்கொண்டு போவதுண்டு. கோழிக்குடலில் சாதாரணமாக இருக்கும் கேம்பைலோபாக்டர் போன்றவை, செத்த கிருமியிலிருந்து வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வையே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் இ.கோலி, சால்மோனெல்லா வகைகளில் பெரிய போக்குவரத்து பிளாஸ்மிட் வழியாகத்தான்.

இதைப் பரிசோதனைக் குழாய்க்கு வெளியே, மனிதரிடத்தில் முதலில் கண்டுகொண்டது ஜப்பான். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே ஷிகெல்லாவால் வரும் இரத்தக்கழிச்சல் பெருகியிருந்தது. சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின் என்று நான்குக்கும் ஒரே சமயத்தில் அடங்காத ஷிகெல்லா தலைகாட்டியது. நான்கு மருந்தை எதிர்க்க நான்கு தற்செயல் மாற்றங்கள் ஒரே கிருமியில் அடுத்தடுத்து நடந்திருக்கும் என்றால் கணக்கு இடிக்கிறது. நோயாளிகளின் மலத்தைச் சோதித்தால், அதே குடலில் இருந்த சாது இ.கோலியும் அதே நான்கு மருந்துக்கும் அடங்காமல் இருந்தது. 1959-இல் ஒச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள் எதிர்ப்பாற்றல் இந்த இரண்டுக்கும் இடையே மொத்தமாகக் கைமாறுகிறது என்று காட்டின. நான்கு மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில், ஒரே மூட்டையாக இருந்தன.

ஜப்பான் தூரம் என்றால் கோழிக்கோடு நமக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான். டைபாய்டுக்கு அப்போது குளோராம்ஃபெனிகால்தான் கைகண்ட மருந்து. 1972-இல் கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைபாய்டு பரவியது. பணிக்கரும் விமலாவும் அந்தக் கிருமியை ஆராய்ந்து, எதிர்ப்பாற்றல் மற்ற பாக்டீரியாவுக்கு மாற்றத்தக்கதாக இருக்கிறது என்று அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் வாசலிலேயே கிடைத்த எச்சரிக்கை அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மருந்தாக இழந்து, இன்று டைபாய்டுக்கு ஊசியும் அசித்ரோமைசினும் என்கிற நிலைக்கு வந்து நிற்கிறோம்.

இனி கறிக்கடைக்கு வருகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் நான் வாங்குகிற கடை. கடைக்கார அண்ணாச்சி நல்ல மனுசர், எடையில் ஒரு கிராம் குறைக்க மாட்டார். கூண்டிலிருந்து கோழியை எடுத்து, கழுத்தை அறுத்து, நீல டிரம்முக்குள் போடுவார். துடிப்பு அடங்கியதும் தோலை உரித்து, வயிற்றைக் கீறிக் குடலை இழுப்பார். இழுக்கிற வேகத்தில் குடல் அறுந்து உள்ளே இருப்பது கறியில் படுவதைத் தவிர்ப்பது கஷ்டம். பிறகு அந்தக் கோழியைப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துப் புளியமரக் கட்டையில் வைத்து வெட்டுவார். அடுத்த கோழியும் அதே வாளியில்தான், அதற்கடுத்ததும் அதே வாளிதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தண்ணீர் இளஞ்சிவப்பாக, மேலே கொழுப்பு மிதக்க இருக்கும். கட்டையின் நடுவே வெட்டி வெட்டிக் குழி விழுந்திருக்கும். குழிக்குள் கறித்துணுக்குகள் அழுந்திக் கிடக்கும்.

வெவ்வேறு பண்ணைகளிலிருந்து வந்த கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் அந்த வாளியில்தான் ஒன்றுசேர்கின்றன. நம் ஊர் வெயிலில், இரத்தமும் சதைச்சாறும் கலந்த தண்ணீரில் அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. சரியான சூட்டில் இ.கோலி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கட்டையின் குழியில் அவை படலமாகப் படிந்து நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றையொன்று தொட்டால்தான் பிளாஸ்மிட் போகும் என்கிற நிபந்தனை அங்கே தானாக நிறைவேறிவிடுகிறது.

"அண்ணாச்சி, வாளிக்குப் பதிலா குழாய்த் தண்ணில கழுவலாம்லா?" என்று கேட்டேன்.

"கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு தாயி. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு மணி நேரம் தண்ணி வருது. டேங்கர் வாங்கிக் கட்டுபடியாகுமா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சின்னக் கறிக்கடைகளுக்கு ஓடும் தண்ணீரும், தேய்த்துக் கழுவக்கூடிய வெட்டுப்பலகையும், கழிவு போக வழியும் செய்து தராமல் சுத்தமாக இரு என்று நோட்டீஸ் மட்டும் ஒட்டினால் என்ன நடக்கும்? உள்ளாட்சி செலவழிக்க வேண்டிய இடம் இது.

அந்தக் கோழியின் குடலுக்குள் எதிர்ப்பு மரபணு ஏன் அவ்வளவு இருக்கிறது என்பதற்குத் தீவனத்தைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக்குக் கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணைகளிலிருந்து வருகிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. ஏறக்குறைய நாற்பது நாளில் இரண்டு கிலோ வர வேண்டும். நெருக்கியடித்து வளரும் ஆயிரக்கணக்கான கோழிகளில் ஒன்றுக்கு நோய் வந்தால் ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுக்க முடியாது. குடிதண்ணீரில் கலந்து எல்லாவற்றுக்கும் கொடுப்பார்கள். நோயே இல்லாதபோதும் வளர்ச்சிக்கென்று தீவனத்தில் சிறிய அளவில் ஆன்டிபயாட்டிக் கலப்பது உலகமெங்கும் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த பழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் அதை 2006 ஜனவரி முதல் தேதியோடு முழுதாக நிறுத்தியது. கொஞ்சமாகக் கொடுக்கிற மருந்து கிருமியை ஒழிக்காது, அடங்குகிற கிருமியை மட்டும் களைந்துவிட்டு அடங்காததற்கு இடம் விட்டுக் கொடுக்கும்.

இதில் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி செய்த ஆய்வை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. மாசசூசெட்ஸில் ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்தார். 1976-இல் வெளியான ஆய்வு. சீக்கிரமே கோழிகளின் குடல் பாக்டீரியா டெட்ராசைக்ளினுக்கு அடங்காததாக மாறியது. சில மாதங்களில் அந்தப் பண்ணையில் குடியிருந்தவர்களின் குடலிலும் அப்படிப்பட்ட பாக்டீரியா பெருகியது. அவர்கள் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. இன்னொன்றும் நடந்தது: தீவனத்தில் இருந்தது டெட்ராசைக்ளின் ஒன்றுதான், ஆனால் போகப்போகக் கோழிகளின் பாக்டீரியா வேறு மருந்துகளுக்கும் அடங்காமல் போயிற்று.

கொடுக்காத மருந்துக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? ஜப்பானில் பார்த்த அதே மூட்டைதான். எதிர்ப்பு மரபணுக்களில் பல, தாங்கள் இருக்கும் இடத்தை விட்டுத் தாவக்கூடிய துண்டுகளில் ஏறியிருக்கும். அவை தாவித் தாவி ஒரே பிளாஸ்மிட்டில் வந்து சேரும். இன்டெக்ரான் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது மரபணுக்களைப் பிடித்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைக்கும். அப்படிச் சேர்ந்துவிட்டால், அந்த மூட்டையில் உள்ள ஏதோ ஒரு மருந்தைக் கொடுத்தாலே போதும், மொத்த மூட்டையும் காப்பாற்றப்படும். தீவனத்தில் சேர்க்கிற செம்பும் துத்தநாகமும்கூட சில பிளாஸ்மிட்டுகளுக்கு இந்த உதவியைச் செய்கின்றன. டென்மார்க்கில் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். கால்நடைத் தீவனத்தில் கலந்துவந்த அவோபார்சின் என்ற மருந்து, மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் வான்கோமைசினின் உறவு. 1995-இல் அதைத் தடை செய்தார்கள். கோழிகளில் வான்கோமைசின் எதிர்ப்பு குறைந்தது, பன்றிகளில் குறையவில்லை. தேடிப் பார்த்தால், பன்றிகளுக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்குமான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தன. டைலோசினைக் குறைத்த பிறகுதான் அங்கேயும் இறங்கியது. ஒரு மருந்தை மட்டும் தடை செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கொலிஸ்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில், வேறு எதுவும் கேட்காதபோது எடுக்கும் மருந்து அது. அதே மருந்து கோழிக்கும் பன்றிக்கும் கிலோக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. கொலிஸ்டின் எதிர்ப்பு குரோமோசோம் மாற்றத்தால் மட்டும்தான் வரும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் 'எம்.சி.ஆர்.-1' என்ற மரபணுவைப் பிளாஸ்மிட்டில் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அவர்கள் சோதித்த 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-இல் அது இருந்தது. வெட்டுக்கு வந்த 804 விலங்குகளில் 166-இல் இருந்தது. மருத்துவமனை நோயாளிகள் 1,322 பேரில் 16 பேரிடம். விலங்கில் அதிகம், மனிதரில் கொஞ்சம் என்கிற இந்த வரிசையே அது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வருகிறது என்று காட்டுகிறது. 2017-இல் சீனா தீவனத்தில் கொலிஸ்டினை நிறுத்தியது, அதன்பின் பண்ணைகளில் அந்த மரபணு வெகுவாகக் குறைந்தது. இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிக்கும் மீன்வளர்ப்புக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தார்கள். நல்ல முடிவு. அதே கவனம் மற்ற மருந்துகளுக்கும் வர வேண்டும்.

சரி, மரபணு சுமந்த ஒரு கோழி இ.கோலி நம் வயிற்றுக்குள் எப்படியோ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழம்பு வழியாக அல்ல. கறி வெட்டின கத்தியில் வெங்காயம் நறுக்கியிருப்போம். மஞ்சள் போட்டுக் குழாயடியில் கறியை அலசும்போது தெறித்த தண்ணீர் பக்கத்தில் இருந்த கொத்தமல்லிக் கட்டில் பட்டிருக்கும். குற்றாலம் சீசன் நெரிசலில் ஓட்டலில் ஒரே ஆள் பச்சைக் கோழியைத் தொட்ட கையோடு வெங்காயப் பச்சடியையும் அள்ளி வைத்திருப்பார். வந்த இ.கோலி நமக்கு ஒன்றும் செய்யாது. சில நாள் தங்கிவிட்டுப் போய்விடக்கூடும். ஆனால் நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் நெருக்கமாகக் குடியிருக்கின்றன. போவதற்கு முன் அவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பிளாஸ்மிட்டைக் கொடுத்துவிட்டுப் போனால், அந்தப் பிளாஸ்மிட் நிரந்தரவாசியாகிவிடக்கூடும். அந்த நபருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ எதுவும் இருக்காது. பல வருடம் கழித்து ஒரு சிறுநீர்த் தொற்று வரும்போது, அந்தத் தொற்றுக்குக் காரணமான இ.கோலி பெரும்பாலும் அவரவர் குடலிலிருந்தே வருவதால், எங்கள் பிளேட்டில் வந்து ஆர், ஆர் என்று நிற்கும்.

இதைவிட மோசமானதும் நடக்கும். 2016 நவம்பர் முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பரவிய டைபாய்டு, முன்பே பல மருந்துகளுக்கு அடங்காமல் இருந்த வகைதான். கூடுதலாக ஒரு பிளாஸ்மிட்டை வாங்கியிருந்தது. அதில் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களைச் சிதைக்கும் 'சி.டி.எக்ஸ்-எம்-15' மரபணு இருந்தது. டைபாய்டுக்கு நாம் நம்பிப் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் ஊசி அந்த வகைதான். 2018-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்தபோது, அதே போன்ற பிளாஸ்மிட் இ.கோலியில் ஏற்கெனவே இருப்பது தெரிந்தது. சாது கொடுத்தது, கொலைகாரன் வாங்கிக்கொண்டான். அந்த ஊர் மக்களுக்கு வாயில் போட அசித்ரோமைசினும், ஊசிக்கு விலையுயர்ந்த கார்பாபெனெமும்தான் மிச்சம்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமான இடம் இதுதான். குடலுக்குள் வந்த பிளாஸ்மிட் சிறுபான்மையாகவே இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. அதைப் பெரும்பான்மையாக்குவது நாம் மெடிக்கல் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை. "வயித்தால போகுது அண்ணாச்சி" என்றால் சீட்டே இல்லாமல் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை நான்கைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. வைரஸால் வந்ததென்றால் அது வேலையே செய்யாது. கறி, முட்டை வழியாக வரும் சாதாரண சால்மோனெல்லா வயிற்றுப்போக்கில் அது நோயின் நாளைக் குறைப்பதில்லை. மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும் காலத்தைக் கூட்டிவிடவும் கூடும். மாத்திரை செய்வது என்னவென்றால், குடலில் அடங்குகிற பாக்டீரியாவையெல்லாம் கொன்று, அடங்காததற்கு இடத்தைக் காலி செய்து கொடுப்பது. மருந்து சீட்டு இல்லாமல் இதைக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். 2014 மார்ச் முதல் வலுவான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு 'ஹெச்-1' என்று தனிப் பட்டியலே போட்டு, யாருக்கு யார் சீட்டில் எவ்வளவு கொடுத்தோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள்.

என் மதினி பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் அதே மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கப் போனாள். "இதக் குடுக்காத மதினி, ஓ.ஆர்.எஸ். கலக்கிக் குடு. பாக்கெட்டுல ஒரு லிட்டர்னு போட்டிருந்தா ஒரு லிட்டர் தண்ணி, கொறைக்காத. டாக்டர்ட்ட கேட்டு துத்தநாக மாத்திரை வாங்கு" என்றேன். மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், கண் உள்வாங்கி நாக்கு வறண்டு பிள்ளை துவண்டால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதற்கு வரும் சீட்டில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம், சொன்ன நாள்வரை.

குடலை விட்டு வெளியே போனபின் இந்த மரபணுக்கள் எங்கே போகின்றன? நம் ஊரில் எல்லாம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும். பாபநாசத்தில் கண்ணாடி மாதிரி இறங்குகிற தாமிரபரணி, நெல்லையைக் கடக்கும்போது இரண்டு கரைச் சாக்கடையையும் வாங்கிக்கொள்கிறது. பாளையங்கால்வாய் ஊருக்குள் ஓடும் இடத்தில் அதை வாய்க்கால் என்று சொல்லவே மனசு வலிக்கிறது. மனிதக் கழிவு, கறிக்கடைக் கழிவு, ஆஸ்பத்திரித் தண்ணீர் மூன்றும் ஓரிடத்தில் கலந்தால் பாக்டீரியாவும் மருந்தின் மிச்சமும் ஒன்றாகச் சேர்கின்றன. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளம் லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போயிற்று. அன்று நாம் கோபப்பட்டது நியாயம். அந்தக் கோபத்தில் கொஞ்சம் நம் ஊர்ச் சாக்கடை வாய்க்காலில் விழுகிற இடத்துக்கும் வேண்டும் என்பது என் ஆசை.

பிசான அறுவடை முடிந்ததும் வயலில் வாத்துக்கூட்டம் இறங்கும். சிந்தின நெல்லைப் பொறுக்கிக்கொண்டு வயல் விட்டு வயல், ஊர் விட்டு ஊர் போகும். பார்க்க அவ்வளவு அழகு. அவை குடிப்பதும் எச்சமிடுவதும் அதே வாய்க்கால் தண்ணீரில்தான். வாழைக்கு அடியுரமாக லோடு லோடாகக் கோழிக்கொட்டகை எரு வருகிறது. கோழிக்குக் கொடுத்த மருந்தில் ஒரு பங்கு சிதையாமல் எச்சத்தில் வெளியேறும், பாக்டீரியாவும் கூடவே. அந்த எருவை நேரே வயலில் கொட்டாமல் குவித்து, ஈரம் காட்டி, புரட்டிப் போட்டு, குவியல் நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு இட்டால் பாக்டீரியா பெருமளவு செத்துவிடும், மருந்தின் மிச்சமும் பெரும்பாலும் சிதையும். நெல்லும் வாழையும் பரவாயில்லை. கீரைப் பாத்திக்கும் வெள்ளரிக்கும் பச்சை எரு போடுவதை மட்டுமாவது நிறுத்தியே ஆக வேண்டும், அவற்றில் பலவற்றை நாம் வேகவைப்பதில்லை.

சமையலறைக்கு என் யோசனைகள் கொஞ்சம்தான். கறிக்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை. பச்சையாகத் தின்பதை முதலில் நறுக்கி மூடிவைத்துவிட்டுப் பிறகு கறியைத் தொடுவது. கறியைக் குழாயடியில் தெறிக்க அலசாமல் ஒரு பாத்திரத்தில் மெதுவாகக் கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவது. மஞ்சளை நம்பி இதில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகப் பால். முன்னீர்பள்ளம் பக்கம் மாடு வைத்திருக்கிற சித்தி ஒருத்தி எங்களுக்கு உண்டு. கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தால் ஊசிதான் போடுவார்கள். மடிநோய் ஆரம்பத்திலேயே தெரிந்தால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவித் திரும்பத் திரும்பப் பூசும் முறை ஒன்றைத் தமிழ்நாட்டுக் கால்நடை அறிஞர்கள் செம்மைப்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள். தேசிய பால்வள வாரியமும் அதைப் பரப்புகிறது. ஊசி தேவைப்படும் மாடுகளின் எண்ணிக்கையை அது குறைக்கிறது. சித்தி இப்போது முதலில் அதைத்தான் செய்கிறாள். கேட்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுகிறாள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, வழி கேட்க நமக்கு ஆள் இல்லாமல் இல்லை.

ஊசி போட்டால் குறிப்பிட்ட நாள்வரை அந்த மாட்டின் பாலை விற்கக்கூடாது. காய்ச்சினாலும் மருந்து முழுக்கப் போகாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருத்துவரிடம் மருந்தின் பெயரும் கடைசி ஊசி போட்ட தேதியும் பால் ஊற்றக்கூடாத நாளும் எழுதி வாங்க வேண்டும். விற்க முடியாத பாலைக் கன்றுக்கு விட்டுவிடுவதுதான் வழக்கம். அது இன்னும் கெடுதல். அந்தப் பாலில் இருக்கும் கொஞ்சநஞ்ச மருந்து கன்றின் குடலில் அடங்காத இ.கோலியைத்தான் வளர்க்கும்.

"அப்பம் குழி தோண்டி ஊத்தச் சொல்லுதியா? ஒரு நாளைக்கு எட்டு லிட்டரு பாலுட்டி. துட்டு யாரு தருவா?" என்று சித்தி கேட்டாள்.

அவள் கேட்டது சரி. பால் ஊற்றாத நாளுக்குச் சங்கம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். மாட்டுக் காப்பீட்டில் இதையும் சேர்க்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டினால் அந்தத் தொகை கிடைக்கும் என்று வைத்துவிட்டால், ஊசி போட்டதை ஒருவரும் மறைக்க மாட்டார்கள், சீட்டு இல்லாமல் ஊசி போடுவதும் குறையும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கலாம் என்று சித்தியும் தெருவில் மாடு வைத்திருக்கிற மற்றப் பெண்களும் முடிவு செய்திருக்கிறார்கள். மனுவை நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.